சென்னை மாடித்தோட்டத்தில் பூச்சியும் நோயும்: இரசாயனத் தெளிப்பின்றிக் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மிளகாய்ச் செடியின் இலை சுருண்டதும், ஒரு கிளையை ஒடித்து எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போய், "அண்ணே, இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பது சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் பலரின் வழக்கம். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு. இலையின் விளிம்பு மேல்நோக்கி மடிந்திருக்கிறதா, கீழ்நோக்கி மடிந்திருக்கிறதா? மேல்நோக்கி மடிந்திருந்தால் அது பெரும்பாலும் இலைப்பேன் என்ற மிகச் சிறிய பூச்சியின் வேலை. கீழ்நோக்கி மடிந்து, இலைக்காம்பு வழக்கத்தைவிட நீண்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் சிலந்தி, அதாவது வலை கட்டும் சிலந்தி அல்ல, சாறு உறிஞ்சும் சிற்றுயிர். இலைகள் சிறுத்து, வெளிறி, நுனியில் கொத்தாக நெருங்கிப்போனால் அது வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்த்த வைரஸ் நோய். முதல் இரண்டுக்கும் வழி இருக்கிறது. மூன்றாவதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது, செடியைப் பிடுங்க வேண்டியதுதான். மூன்றுக்கும் ஒரே புட்டியை வாங்கி வந்து அடிப்பவர் பணத்தையும் செடியையும் சேர்த்து இழக்கிறார்.

இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது: செடிக்கு என்ன வந்திருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாத வரையில் எதையும் தெளிக்கக் கூடாது, அது வீட்டில் தயாரித்த வேப்பங்கரைசலாக இருந்தாலும் சரி. வீட்டில் சமைத்துச் சாப்பிடும் கீரைக்கும் கத்தரிக்கும் நஞ்சு வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், தெளிப்பானைக் கடைசியாகக் கையில் எடுக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: மண்ணும் தண்ணீரும் இடமும்

பூச்சி தாக்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதற்கான காரணம் பையில் தயாராகிவிடுகிறது. செம்மண், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து, ஒரு வளர்ப்புப் பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, லேசாக ஈரப்படுத்தி, பத்துப் பதினைந்து நாள் ஆறவிட்ட பிறகே நட வேண்டும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த தண்ணீரை இரண்டு மூன்று முறை வடித்துக் கொட்டிவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். சென்னையின் பல பகுதிகளில் போர்த் தண்ணீரும் உப்பாகவே இருப்பதால், இரண்டும் சேர்ந்தால் இலை விளிம்பு கருகத் தொடங்கும்.

மக்காத சாணமும் அளவுக்கு மீறிய தழைச்சத்தும் செடியைக் கரும்பச்சையாகவும் கொழுகொழுவென்றும் வளர்க்கும். பார்க்க அழகாக இருக்கும் அந்த இளந்தளிர்தான், கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு மிகவும் பிடித்த தீனி. செடி நன்றாக வளரவில்லை என்று வாராவாரம் உரம் போடுவதைவிட, மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது நல்லது. காலையில், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் ஊற்றினால், கடற்கரை நகரத்தின் புழுக்கத்தில் இரவு முழுவதும் இலை காயாமல் இருக்கும். பூசணத்துக்கு அது போதும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும் என்பதால் தட்டையே தவிர்ப்பது உத்தமம். ஒரு செடியின் இலை அடுத்த செடியின் இலையைத் தொடாத அளவுக்கு இடைவெளி விடுங்கள்.

பழைய மண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேர் முடிச்சு நூற்புழுவும் வாடல் நோய்க் கிருமியும் ஒரு பயிரிலிருந்து அடுத்த பயிருக்கு மண்ணின் வழியாகவே வருகின்றன. இதற்குச் சென்னையில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து கத்திரி வெயில். மே மாதத்தில் பழைய மண்ணை மொட்டை மாடியில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பின்மேல் அரை அடிக்கும் குறைவான உயரத்தில் பரப்பி, வேர்க்கட்டைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கையால் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு நனைத்து, நிறமற்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, நான்கு ஓரங்களையும் செங்கல் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும். மேல்தாள் நிறமற்றதாக இருக்க வேண்டும். ஒளி உள்ளே புகுந்து வெப்பம் வெளியேறாமல் தங்கினால்தான் மண் போதுமான அளவு சூடேறும். மண் ஈரமாக இருப்பதும் முக்கியம், காய்ந்த மண்ணில் கிருமிகள் வெப்பத்தை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். இந்த வெப்பத்தில் நல்ல நுண்ணுயிர்களும் குறைந்துபோகும் என்பதால், மூடியை எடுத்த பிறகு மண்புழு உரமும் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணப் பொடியும் கலந்து உயிரூட்ட வேண்டும். ஆனி பிறப்பதற்குள் இந்த வேலையை முடித்துவிட்டால், "ஆடிப் பட்டம் தேடி விதை" என்ற சொலவடைப்படி வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை எல்லாவற்றுக்கும் சுத்தமான மண் கையில் இருக்கும்.

படி 2: வாரம் இருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தல்

பூச்சியின் குடியிருப்பு இலையின் அடிப்பக்கம். மேலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறவர் கண்ணில் அது படவே படாது. வாரத்துக்கு இரண்டு நாள், வெயில் ஏறுவதற்கு முன், ஒவ்வொரு செடியிலும் நுனித்தளிர் ஒன்று, நடு இலை இரண்டு, அடி இலை ஒன்று எனத் திருப்பிப் பாருங்கள். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. இலைப்பேன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைத் தாளைத் தளிருக்கு அடியில் பிடித்து, கிளையை இரண்டு முறை தட்டுங்கள். தாளில் விழுந்த தூசியில் வெளிர்மஞ்சள் நிறக் கீற்றுகள் ஓடத் தொடங்கினால் அவைதான் இலைப்பேன்கள்.

தக்காளி இலையில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தால் உள்ளே இலைச் சுரங்கப் பூச்சியின் புழு இருக்கிறது. கோட்டின் அகன்ற முனையை விரலால் நசுக்கினால் போதும். இலையில் சீரான ஓட்டை இருந்து, அருகில் கரும்பச்சை எச்சம் கிடந்தால் புழுவைத் தேடுங்கள். எச்சமே இல்லாமல் விளிம்பு கடிபட்டிருந்தால் வெட்டுக்கிளியாகவோ, தரைத் தோட்டமானால் நத்தையாகவோ இருக்கலாம். பிசுபிசுப்பும் அதன்மேல் கரியைப் பூசிய மாதிரி ஒரு படலமும் தெரிந்தால் அந்தக் கரும்பூசணம் தனி நோய் என்று எண்ண வேண்டாம். மேலே எங்கோ சாறு உறிஞ்சும் பூச்சி இருந்து அதன் இனிப்புக் கழிவு சொட்டுகிறது. பூச்சி போனால் பூசணமும் போகும்.

பூச்சியும் இல்லாமல் நோயும் இல்லாமல் செடி வாடும் சந்தர்ப்பங்கள் சென்னையில் ஏராளம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று படும் பக்கத்து இலைகள் மட்டும் விளிம்பில் கருகும். மே மாத நண்பகலில் பூசணி இலை தொங்கிப்போய், மாலையில் தானாக நிமிரும். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்குவது, ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் தண்ணீர் விடுவதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சீராகப் போய்ச் சேராததன் விளைவு. கோடையில் தக்காளிப் பூ உதிர்வது இரவு வெப்பத்தினால். இவற்றில் எதற்கும் தெளிப்பு பயன்படாது. நிழல்வலையும், மண்ணின்மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி மூடாக்கு இடுவதும், ஒழுங்காகத் தண்ணீர் விடுவதும்தான் தீர்வு.

படி 3: நண்பர்களைத் தெரிந்துகொள்ளுதல்

தோட்டத்தில் நமக்காக உழைக்கும் பூச்சிகளைப் பகைவர் என்று எண்ணி நசுக்கிவிடுவது மிகவும் வருத்தம் தரும் இழப்பு. பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் குஞ்சைத் தெரியாது. கறுப்பும் ஆரஞ்சுமாக, சிறிய முதலையைப் போல் நீண்டிருக்கும் அந்தப் புழு, தாய் வண்டைப் போலவே அசுவினிகளைத் தின்று தீர்க்கும். இன்னொரு வகைப் பொறிவண்டின் குஞ்சு உடல் முழுவதும் வெள்ளை மெழுகு இழைகளோடு, மாவுப்பூச்சியின் வேடத்திலேயே மாவுப்பூச்சிகளுக்கு நடுவில் திரியும். அளவில் சற்றுப் பெரிதாக, தொட்டால் விறுவிறுவென நகர்ந்தால் அது நம் ஆள். மாவுப்பூச்சி அவ்வளவு வேகமாக நகராது.

இலையடியில் மெல்லிய முடியின் நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்தாற்போல் வரிசையாக நிற்பவை பூசணம் அல்ல. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டைகள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அப்படிப்பட்ட கூடுகள் கண்ணில் பட்ட செடியில் எதையும் தெளிக்காமல் ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

மறுபக்கம், பொறிவண்டைப் போலவே தோன்றிக் கத்தரியைப் பாழாக்கும் வண்டும் உண்டு. பளபளப்பில்லாமல், மெல்லிய ரோமத்தோடு, மங்கிய செம்பழுப்பு முதுகில் 28 கரும்புள்ளிகள் கொண்ட அது இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும். அதன் குஞ்சு மஞ்சள் நிறத்தில், உடல் முழுவதும் முள்ளோடு இருக்கும். அதைத் தயங்காமல் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

நண்பர்களின் வலிமையைத் தமிழ்நாடே கண்ணாரக் கண்டிருக்கிறது. 2008 இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, குறுகிய காலத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவி உழவர்களைத் திணறடித்தது. மெழுகுப் போர்வைக்குள் இருந்த அதைப் பூச்சிக்கொல்லிகளால் அடக்க முடியவில்லை. 2010 இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியை வயல்களில் விட்ட பிறகே நிலைமை கட்டுக்குள் வந்தது. பத்துப் பதினைந்து தொட்டிகள் உள்ள மாடிக்கும் இதே கணக்குதான். இந்தச் சிறு உயிர்களுக்குத் தேனும் மகரந்தமும் தேவை என்பதால் இரண்டு தொட்டிகளில் கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள். துளசியைக் கதிர் கிள்ளாமல் விடுங்கள். ஓரத்தில் செண்டுமல்லி வையுங்கள்.

படி 4: கையும் தண்ணீரும் தடுப்பும்

சாறு உறிஞ்சும் பூச்சிகள் எவையாயினும் முதல் சிகிச்சை தண்ணீர்தான். குழாயின் முனையை விரலால் அழுத்தி, இலையின் அடிப்பக்கம் படும்படி, தளிர் ஒடியாத வேகத்தில் பீய்ச்சுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறை என இரண்டு வாரம், காலை வேளையில் செய்தால் அசுவினியும் சிலந்தியும் பெருமளவு விழுந்துவிடும். விழுந்த அசுவினி மீண்டும் ஏறி வருவது அரிது. மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுக்கலாம். தாக்குதல் மிகுந்த நுனிகளை வெட்டி, பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் வையுங்கள். உரக்குழியில் போட வேண்டாம்.

எறும்பைக் கவனிக்காமல் மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் மாவுப்பூச்சியையும் அசுவினியையும் காவல் காக்கின்றன, பொறிவண்டை விரட்டுகின்றன. தொட்டி நிற்கும் இரும்புத் தாங்கியின் கால்களில் வாசலின் அல்லது விளக்கெண்ணெய் தடவிய துணியைச் சுற்றுங்கள். வாரம் ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சுவரையோ துணி காயப்போடும் கொடியையோ தொடும் கிளை ஒன்று இருந்தாலும் எறும்புக்கு அது பாலம் ஆகிவிடும் என்பதால் அதை வெட்டிவிடுங்கள். கடையில் விற்கும் எறும்புச் சாக்கட்டியிலும் இருப்பது பூச்சிக்கொல்லிதான். காய்கறித் தொட்டியின் பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள்.

மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈ, இறக்கையுள்ள அசுவினி, இலைச் சுரங்கப் பூச்சி ஆகியவற்றை ஈர்க்கும். நீல அட்டை இலைப்பேனை ஈர்க்கும். மஞ்சள் தகரத்திலோ பிளாஸ்டிக் மூடியிலோ விளக்கெண்ணெய் தடவி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செடியின் நுனி உயரத்துக்குச் சற்று மேலே தொங்கவிட வேண்டும். அட்டையை மட்டும் நம்பிப் பூச்சியை ஒழிக்க முடியாது, ஆனால் எந்த வாரத்தில் கூட்டம் கூடுகிறது என்பதை அது சரியாகச் சொல்லிவிடும். ஒரு நண்பர்ப் பூச்சி ஒட்டினாலும் மனம் பதைக்கிறது. எண்ணிக்கை குறைந்ததும் அட்டைகளைக் கழற்றி வைத்துவிடலாம்.

படி 5: வேம்பு

மேற்சொன்னவற்றைச் செய்தும் பூச்சி குறையவில்லை என்றால் வேம்புக்கு வரலாம். செக்கில் ஆட்டிய வேப்பெண்ணெய் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய் போதுமானது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதால், முதலில் எண்ணெயோடு அரைத் தேக்கரண்டி காதி சோப்புக் கரைசலை விட்டு நன்றாகக் குழைத்து, சிறிது வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கலக்குங்கள். பால் போல வெளுத்து, மேலே எண்ணெய் மிதக்காமல் இருந்தால்தான் சரியாகக் கலந்திருக்கிறது என்று பொருள். அதன் பிறகு மீதித் தண்ணீரைச் சேர்க்கலாம். எண்ணெய் மிதக்கும் கரைசலை அடித்தால் அது பட்ட இடத்தில் இலை வெந்துபோகும்.

எந்தக் கரைசலையும் முதலில் இரண்டு இலைகளில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். வேம்புக் கரைசலை மாலை ஐந்து மணிக்குப் பிறகே தெளிக்க வேண்டும். பூச்சியைத் தடுக்கும் வேம்பின் வேதிப்பொருளான அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும், தேனீக்களும் அந்நேரம் கூடு திரும்பியிருக்கும். கோடையில் அளவைப் பாதியாகக் குறையுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், விரிந்த பூவின்மேல் படக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறையாக இரண்டு அல்லது மூன்று முறை அடித்துவிட்டு நிறுத்திவிடுங்கள். பூச்சி இருக்கிறதோ இல்லையோ, ஞாயிறுதோறும் வேப்பெண்ணெய் அடிப்பதை ஒரு விரதமாகக் கடைப்பிடிப்போர் நிறையப் பேர். அது நண்பர்களையும் விரட்டுகிறது, இலைத் துளைகளையும் அடைக்கிறது. கலந்த கரைசலை அன்றே தீர்த்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

எண்ணெயைவிட மென்மையானதும், என் கருத்தில் மேலானதும், வேப்பங்கொட்டைக் கரைசல். ஆனி, ஆடியில் நம் தெருவோர வேப்ப மரங்களுக்கு அடியில் பழம் உதிர்ந்து கிடக்கும். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான துணிப்பையில் சேமித்து வையுங்கள். மூன்று மாதம் முதல் எட்டு மாதம் வரை வைத்திருந்த கொட்டையே சிறந்தது. பூசணம் பிடித்ததை எறிந்துவிடுங்கள். 50 கிராம் பருப்பை ஒன்றிரண்டாக இடித்து, துணியில் முடிந்து, தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து, வடிகட்டி, ஒரு லிட்டர் ஆக்கி, சிட்டிகை சோப்புக் கரைத்துக்கொள்ளுங்கள். கரைசலை நிழலில் வைத்திருந்து அன்று மாலையே தெளிக்கலாம். புழுக்கள் தின்பதையும் தோலுரிப்பதையும் இது தடுக்கிறது. உடனே செத்து விழாததால் வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம், நாலைந்து நாள் கழித்துப் பாருங்கள்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசலும் நொச்சி, ஆடாதொடை, எருக்கு முதலிய ஆடு தின்னாத இலைகளைக் கோமியத்தில் ஊறவைத்த பூச்சிவிரட்டியும் பலருக்குப் பயன்பட்டிருக்கின்றன. பின்னதன் வாடை அடுக்குமாடிக் குடியிருப்பில் சண்டை மூட்டிவிடும் என்பதால் தனி வீட்டாருக்கே பரிந்துரைப்பேன்.

இயற்கையானது என்பதாலேயே எல்லாம் தீங்கற்றதாகிவிடாது. புகையிலைக் கரைசலில் உள்ள நிகோடின் மனிதருக்கும் கொடிய நஞ்சு. அதன் வழியாகத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தேமல் வைரஸ் தொற்றவும் கூடும். மண்ணெண்ணெயும் கல்லுப்பும் தொட்டி மண்ணைக் கெடுக்கும். சமையல் சோடாவைத் திரும்பத் திரும்ப அடித்தால், ஏற்கனவே உப்பாக இருக்கும் மண்ணில் சோடியம் ஏறும்.

படி 6: நுண்ணுயிர் மருந்துகள்

நோயைத் தடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி, பவேரியா ஆகிய மூன்றும் பொடியாகக் கிடைக்கின்றன. இவை உயிருள்ளவை, காலாவதித் தேதி பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைக்க வேண்டும். 50 கிராம் டிரைக்கோடெர்மாவை 5 கிலோ மக்கிய உரத்தில் கலந்து, ஈரக் கோணிச் சாக்கால் மூடி, நிழலில் இரண்டு வாரம் வைத்தால் அது பல்கிப் பெருகும்; அதைப் பைக்கு இரண்டு கைப்பிடி இடலாம். சூடோமோனாஸை ஒரு லிட்டருக்கு 10 கிராம் கரைத்து நாற்றின் வேரை அரை மணி நேரம் நனைத்து நடலாம், வேரடியிலும் ஊற்றலாம். இரண்டையும் ஒரே நாளில் கலந்து இடாமல் ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

பவேரியா என்பது பூச்சியின் உடலில் வளரும் பூசணம். அது முளைக்கக் காற்றில் ஈரம் வேண்டும் என்பதால், ஐப்பசி முதல் தை வரை நன்றாக வேலை செய்யும் அதே பொடி சித்திரையில் பயனற்றுப் போகும். புழுக்களுக்கு மட்டும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியப் பொடி உண்டு; அதைப் புழு சிறிதாக இருக்கும்போதே மாலையில் அடிக்க வேண்டும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போன்ற நிறத்தில் காணும் புழு, அழகிய வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. நன்கு வளர்ந்த செடியானால் நான்கைந்து இலைகளை அதற்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பயிர்வாரியாகச் சில குறிப்புகள்

கத்தரியில் நன்றாகத் தண்ணீர் விட்டிருந்தும் ஒரு கிளையின் நுனி மட்டும் துவண்டு தொங்கினால் தண்டு மற்றும் காய்த் துளைப்பான் உள்ளே நுழைந்துவிட்டது. துவண்ட இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். அதைக் கொன்றால் அடுத்த தலைமுறை காய்க்குள் போவது குறையும். உள்ளே புகுந்த புழுவை எந்தத் தெளிப்பும் எட்டாது, எனவே இந்தப் பூச்சிக்கு வெட்டுவதே மருந்து. பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும், இதற்கென விற்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்றை மாடியில் வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதன் கவர்ச்சிப் பொருளை மாற்றுங்கள்.

வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளாகி வலைப்பின்னல் போலத் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். காயும் வெளுத்து நாராகும். பரப்புவது வெள்ளை ஈ. முதல் செடியில் கண்டதுமே பிடுங்கினால் மற்றவை தப்பும். இந்நோயைத் தாங்குவதற்காக உருவாக்கப்பட்ட அர்கா அனாமிகா போன்ற இரகங்களின் விதையை வாங்குவதும், முதல் ஒரு மாதம் நாற்றுகளைக் கொசுவலைத் துணியால் மூடி வைப்பதும் உதவும்.

பாகல், பீர்க்கு, புடல் ஆகியவற்றில் பிஞ்சு கோணலாகி அழுகினால் பழ ஈயைச் சந்தேகியுங்கள். பூ வாடி உதிர்ந்ததும் பிஞ்சைத் துணிப்பையாலோ செய்தித்தாளாலோ மூடிக் கட்டிவிட்டால் ஈ முட்டையிட முடியாது. அழுகி விழுந்த காயை அன்றன்றே எடுத்துவிடுங்கள், அதிலுள்ள புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும்.

தென்னை, வாழை, கொய்யா உள்ள வீடுகளில் 2016 முதல் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ தொல்லை தருகிறது. இலையடியில் வட்டச் சுருளாக வெள்ளை மெழுகும் கீழடுக்கு இலைகளில் கரும்பூசணமும் அதன் அடையாளம். இதற்கும் இயற்கை ஒட்டுண்ணிகள் இருப்பதால் நஞ்சு தெளிக்கக் கூடாது. ஒரு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சி ஆறவைத்த மெல்லிய கஞ்சியைக் கரும்பூசணத்தின்மேல் தெளித்தால், வெயிலில் காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழும்.

மழைக்காலம்

சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பூச்சி குறைந்து நோய் தலையெடுக்கும் காலம் அது. பைகளின் வடிகால் துளைகளைச் செப்டம்பரிலேயே குத்திச் சரிசெய்து, இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். நாற்றுத் தட்டுகளை மழை படாத இடத்தில் வைக்க வேண்டும். நாற்றின் தண்டு மண்மட்டத்தில் நூலாக இளைத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல், அருகிலுள்ள நாற்றுகளையும் அகற்றிவிட்டு, மீதமுள்ளவற்றுக்கு டிரைக்கோடெர்மா கரைசல் ஊற்றுங்கள். ரோஜாவின் கரும்புள்ளி இலைகளைக் கிள்ளி எடுத்து, விழுந்தவற்றையும் கூட்டிவிடுங்கள்.

தரைத் தோட்டங்களில் மழையோடு ஆப்பிரிக்க ராட்சச நத்தை படையெடுக்கும். மாலையில் ஈரச் சாக்குக்கு அடியில் பப்பாளித் தோலும் முட்டைக்கோஸ் இலையும் வைத்தால் விடியற்காலையில் அங்கே கூடியிருக்கும். மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிப் புழு அதனிடம் இருக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையோடு எடுத்து வாளியில் உப்புநீரில் போடுங்கள். அந்த நீரைச் செடியின் பக்கம் கொட்ட வேண்டாம். கீரைகளை நன்கு கழுவிய பிறகே சமைக்க வேண்டும்.

மார்கழி, தையின் பனியில் வெண்டை, பூசணி இலைகளில் வெள்ளைப் பொடி தூவினாற்போல் சாம்பல் நோய் வரும். ஒரு பங்கு பாலை ஒன்பது பங்கு நீரில் கலந்து, காலை வெயில் படும் நேரத்தில் வாரம் ஒரு முறை தெளித்தால் ஆரம்ப நிலையில் நன்றாகக் கட்டுப்படும். புளித்த மோரையும் நீர்த்துத் தெளிக்கலாம்.

எப்போது பிடுங்குவது

வைரஸ் தாக்கிய வெண்டை, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். தக்காளியோ கத்தரியோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று முழுவதும் வாடினால், தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டுமுனையை அசைக்காமல் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் நிறத்தில் மெல்லிய இழை வழிந்து இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் குடும்பத்தை மீண்டும் நடக் கூடாது. வெட்டிய கத்தியையும் கொதிநீரில் கழுவுங்கள். வேரைப் பிடுங்கிப் பார்க்கும்போது மணிமணியாக முடிச்சுகள் தெரிந்தால் நூற்புழு. அவரை, காராமணி வேரில் உள்ள சிறு முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்ப்பவை. அவை நகத்தால் தள்ளினாலே உதிரும், நூற்புழு முடிச்சு வேரின் சதையோடு ஒன்றியிருக்கும்.

பிடுங்கிய செடியை மாடியிலேயே போட்டு வைக்காமல், அதிலிருக்கும் வெள்ளை ஈ கலைந்து பறக்குமுன் ஒரு பையில் கவிழ்த்து மூடி அப்புறப்படுத்துங்கள். நூற்புழு கண்ட பையின் மண்ணை அடுத்த மே மாதம் வெயிலில் மூடி வைக்கும் வரையில் அதில் செண்டுமல்லி நடலாம். அதன் வேர் நூற்புழுவை அடக்கும். பூத்து ஓய்ந்ததும் செடியைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள்.